டிராகன் பால் பார்க்கத் தொடங்குகிறீர்களா? முதல் எபிசோடிலிருந்தே வாருங்கள்

போன வருஷம் மே மாத விடுமுறைக்கு அக்கா பையன் எங்கள் வீட்டில் வந்து பத்து நாள் இருந்தான். ஏழாவது முடித்தவன். அவன் டி-ஷர்ட்டில் மஞ்சள் முடி சிலிர்த்து நிற்கும் டிராகன் பால் நாயகன் கோக்குவின் படம். "டிராகன் பால் பார்த்திருக்கியா?" என்று கேட்டேன். "சண்டை மட்டும் பார்த்திருக்கேன் மாமா. கதை ஒண்ணும் புரியல" என்றான்.

புரியாததில் ஆச்சரியமில்லை. மொபைலில் இரண்டு நிமிடத் துண்டுகளாக வருவதைப் பார்த்தால், கறுப்புக் கண்ணாடி போட்ட தாத்தா யார், நீல முடிப் பெண் யார், மொட்டைத் தலைக்காரன் செத்ததும் கோக்கு ஏன் அப்படி அலறுகிறான், எதுவும் பிடிபடாது. அன்று ராத்திரியே அவனை உட்காரவைத்து முதல் தொடரின் முதல் எபிசோடைப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, "மாமா, இதுல எப்போ முடி மஞ்சளாகும்?" என்றான். கணக்குப் போட்டுச் சொன்னேன்: முதல் தொடர் 153 எபிசோட், அதற்கு அடுத்த தொடரில் 95ஆவது எபிசோட், ஆக 248ஆவது எபிசோடில். அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

அந்தப் பத்து நாளில் அவனோடு பார்த்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன், பழக்கமே இல்லாதவர்களும், சண்டைக் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கதைக்கு வர நினைப்பவர்களும் இதைப் பின்பற்றலாம். மேலே சொன்னதைத் தவிர முக்கியமான திருப்பங்கள் எதையும் உடைக்கவில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

முதலில், எந்தத் தொடர் என்று பாருங்கள்

டிராகன் பால் என்று தேடினால் ஐந்தாறு தொடர்கள் கலந்து வந்து நிற்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வரிசை இப்படி: 'டிராகன் பால்', 1986 பிப்ரவரி 26 முதல் 1989 ஏப்ரல் 19 வரை, 153 எபிசோட். அடுத்த வாரமே தொடங்கியது 'டிராகன் பால் இசட்'. அது 1996 ஜனவரி வரை ஓடியது, 291 எபிசோட். அதற்கப்புறம் 'ஜிடி' 64 எபிசோட், 2015இல் தொடங்கிய 'சூப்பர்' 131, கடைசியாக 2024 அக்டோபரில் வந்த 'டைமா' 20. நடுவில் 2009இல் 'காய்' என்று ஒன்று வந்தது. அது இசட் தொடரையே இழுவை குறைத்து வெட்டிக் கோத்த பதிப்பு.

நமக்கு வேண்டியது பெயருக்குப் பின்னால் எந்த எழுத்தும் இல்லாத வெறும் 'டிராகன் பால்'. ஆண்டு 1986, எபிசோட் எண்ணிக்கை 153, படத்தில் வால் முளைத்த குட்டிப் பையன். இந்த மூன்றும் பொருந்தினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

"இசட்டிலிருந்து ஆரம்பிச்சா போதும், முதல்ல வர்றது சின்னப் பிள்ளைங்களுக்கானது" என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டோரியாமா அகிரா வரைந்த மூல மங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) இசட் என்ற பிரிவே கிடையாது. 1984 நவம்பரில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கி 1995 மே வரை வந்த 519 அத்தியாயங்களும் ஒரே கதை. முதல் 194 அத்தியாயங்களை 'டிராகன் பால்' என்றும் மீதியை 'இசட்' என்றும் பிரித்தது டிவிக்காரர்கள். இசட்டிலிருந்து தொடங்குகிறவர், பெரிய நாவலை நடுவில் விரித்துப் படிப்பவர் மாதிரி. கோக்குவின் தோள்மேல் யார் கை போட்டாலும் அது எத்தனை வருஷ நட்பு என்று அவருக்குத் தெரியாது.

அதே காரணத்தால், தொடக்கக் கதையைச் சுருக்கிச் சொல்லும் 1986, 1996 திரைப்படங்களையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். தொடர் முடிந்த பிறகு பார்த்தால் அவற்றுக்கென்று ஒரு சுவை இருக்கும். 2009இல் நடிகர்களை வைத்து எடுத்த ஆங்கிலப் படத்தை எந்த நேரத்திலும் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம், மொழியும் திரையும்

ஜப்பானிய ஒலி, ஆங்கில சப்டைட்டில். என் பரிந்துரை அதுதான். காரணம் ஒரே ஒருவர்: நோசாவா மசாகோ. கோக்குவுக்குக் குரல் கொடுத்த பெண்மணி. 1986இல் முதல் எபிசோட் வந்தபோது அவருக்கு வயது 49. 2024இல் டைமாவிலும் கோக்குவுக்கு அவரேதான் பேசினார். அதற்குள் வயது 88. குரலைக் கேட்டுப் பாருங்கள். கோக்கு தன்னைச் சொல்லும்போது 'ஒரா' என்பான். அது ஜப்பானிய நாட்டுப்புறப் பேச்சு. காட்டில் தாத்தாவிடம் வளர்ந்தவன், பட்டணத்து நாகரிகம் எதுவும் ஒட்டாதவன் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கில டப்பிங்கில் இந்த மண்வாசனை போய்விடுகிறது.

சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்க முடியாத குழந்தைகள் கூட இருந்தால் ஆங்கில டப்பிங்கே போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பெயர்கள் மாறும். ஜப்பானிய ஒலியில் 'காமே சென்னின்', அதாவது ஆமைத் துறவி, ஆங்கிலத்தில் 'மாஸ்டர் ரோஷி'. 'கின்டோ உன்' என்ற பறக்கும் மேகம் 'நிம்பஸ்'. நீளும் தடியான 'நியோய் போ' அங்கே 'பவர் போல்'. எபிசோட் தலைப்புகளும் வேறு வேறு. முதல் எபிசோடின் ஜப்பானியத் தலைப்பு 'புல்மாவும் சோன் கோக்குவும்' என்றிருக்க, ஆங்கிலத்தில் 'டிராகன் பந்துகளின் ரகசியம்' என்ற பொருளில் வைத்திருக்கிறார்கள். தலைப்பை வைத்துத் தேடாமல் எண்ணை வைத்துத் தேடுவது நல்லது.

படம் பழைய டிவிக்கு ஏற்ற 4:3 அளவில் இருக்கும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். டிவி செட்டிங்கில் அதை இழுத்து அகலமாக்கிவிடாதீர்கள். கோக்குவின் உருண்டை முகம் சப்பிப்போய்விடும்.

தொடக்கப் பாட்டைத் தள்ளிவிடாதீர்கள். தகாஹாஷி ஹிரோகி பாடியது. தொடரின் பின்னணி இசை கிகுச்சி ஷுன்சுகே. டோரேமான் தொடருக்கு இசை போட்டவரும் இவர்தான். அது தெரிந்துகொண்டு கேட்டால், முதல் பாதியின் கிண்டலான சின்னச் சின்ன இசைத் துணுக்குகள் எங்கிருந்து வருகின்றன என்று புரியும்.

முதல் எபிசோடை எப்படிப் பார்ப்பது

இருபத்துச் சொச்சம் நிமிடம்தான். மொபைலைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

பார்க்கும் முன் ஒரு விஷயத்தை மனசில் தயார்செய்துகொள்ள வேண்டும்: இதில் பெரிய சண்டை எதுவும் கிடையாது. வில்லன் வந்து உலகத்தை அழிக்கப் போவதில்லை. மலைக்காட்டில் தனியாக வாழும் ஒரு பையன், காரில் வந்த ஒரு பெண், ஒரு பந்து. அவ்வளவுதான். வேகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் கைக்கு எதுவும் கிடைக்காது. கோக்கு யார் என்று கவனித்தால் போதும்.

தொடக்கத்தில் அவன் பெரிய மரத்துண்டை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து, கோடரி இல்லாமல் கையாலும் காலாலுமே விறகாக்குவான். எத்தனை லேசாகச் செய்கிறான் பாருங்கள். தன் பலம் பெரிது என்று அவனுக்கே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மனிதன் அந்தக் காட்டில் இல்லை. தாத்தா சோன் கோஹான் இறந்துபோய்ப் பல வருஷமாகிறது.

பிறகு பசி. மீன் பிடிக்கப் போகிறான். தூண்டில் இல்லை. வாலைத் தண்ணீரில் விட்டு ஆட்டுகிறான். தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீன் வாயைப் பிளந்துகொண்டு வர, ஒரு உதை. அக்கா பையன் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தது இங்கேதான். ரீவைண்ட் பண்ணி இன்னொரு தடவை பார்த்தோம். அந்த வாலை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் வால் இருக்கிறது என்று இந்த எபிசோடில் யாரும் சொல்ல மாட்டார்கள். கோக்குவுக்கும் தெரியாது. நீங்களும் இணையத்தில் தேடாதீர்கள்.

மீனைத் தூக்கிக்கொண்டு வரும்போது புல்மா என்ற பெண்ணின் கார் வந்து மோதுகிறது. இந்தத் தொடரின் முழுச் சுவையும் அடங்கிய காட்சி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கார் மோதியதில் செத்திருப்பான் என்று புல்மா பயப்படுகிறாள். அவனோ எழுந்து, தன் மீனைப் பறிக்க வந்த மிருகம் என்று நினைத்துக் காரையே தூக்கிவிடுகிறான். பயந்துபோய் அவள் துப்பாக்கியால் சுடுகிறாள். அவனுக்கு வலிக்கிறது, அவ்வளவுதான். அவளை ஏதோ பேய் பிசாசு என்று நினைத்துச் சண்டைக்கு நிற்கிறான். நானும் மனுஷிதான் என்று அவள் சொல்ல, மெல்லக் கிட்டே வந்து பார்க்கிறான். தாத்தாவைத் தவிர அவன் பார்க்கும் முதல் மனித ஜீவன். பெண் பிள்ளையைப் பார்த்தால் அன்பாக நடந்துகொள்ள வேண்டும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். உடனே வீட்டுக்குக் கூப்பிட்டு மீன் தருவதாகச் சொல்கிறான். ஒரு நிமிஷம் முன்னால் துப்பாக்கியால் சுட்டவளுக்கு!

கோக்குவின் குணம் முழுதும் இதில் இருக்கிறது. பின்னால் எத்தனையோ எதிரிகள் அவனைக் கொல்ல வருவார்கள். சண்டை முடிந்ததும் அவர்களில் பலர் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது எப்படி என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில், கண்ணாடி போல, உள்ளே நாலு நட்சத்திரம் தெரியும் பந்து. புல்மாவுக்கு அது தேடிவந்த பொருள். கோக்குவுக்கு அது தாத்தா. உண்மையாகவே அப்படித்தான். தாத்தாவிடம் பேசுகிற மாதிரியே அதனிடம் பேசுகிறான். புல்மாவின் கையிலிருக்கும் இரண்டு நட்சத்திரப் பந்தும் ஐந்து நட்சத்திரப் பந்தும் கிட்டே வர, நாலு நட்சத்திரப் பந்து ஒளிவிடுகிறது. தாத்தா ஏதோ சொல்ல வருகிறார் என்று அவன் நினைத்துக்கொள்வதைப் பாருங்கள். மொத்தம் ஏழு பந்து, ஒன்று முதல் ஏழு நட்சத்திரம் வரை. ஏழையும் சேர்த்தால் ஷென்ரோன் என்ற டிராகன் தோன்றி ஒரு வரம் தரும். இந்த விவரமெல்லாம் புல்மா சொல்வாள். அவள் கேட்க நினைத்த வரம் என்ன என்பதையும் சொல்வாள். முதலில் தின்னத் தின்னத் தீராத ஸ்ட்ராபெரி, பிறகு மனசுக்குப் பிடித்த காதலன்!

கோக்கு பந்தைத் தர மறுத்துவிடுகிறான். தாத்தாவின் நினைவாக இருப்பது அது ஒன்றுதான். கடைசியில் அவனே பந்தோடு கூட வருவது என்று பேசி முடிகிறது. இந்தத் தொடரில் டிராகன் பந்தை ஆளாளுக்குத் தேடுவார்கள், காதலனுக்காக, உலகை ஆள்வதற்காக. கோக்கு பின்னால் தனியாகத் தேடப் போகும்போதும் அவனுக்கு வேண்டியது வரம் கிடையாது, அந்த நாலு நட்சத்திரப் பந்து மட்டும்தான். முதல் எபிசோடைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு அந்தத் தேடலின் கனம் தெரியாமலே போகும்.

அடுத்து, நசுங்கிய காருக்குப் பதிலாகப் புல்மா ஒரு சின்னக் கேப்ஸ்யூலைத் தூக்கிப் போடுவாள். புகை, சத்தம், மோட்டார் பைக். டோரியாமா பிளாஸ்டிக் மாடல் வண்டிகள் கட்டுவதில் பெரும் பிரியர். அதனால்தான் அவர் வரையும் வண்டிகள் எல்லாம் உருண்டு திரண்டு, கையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல இருக்கும். பின்னணியில் சீன ஓவியங்களில் வருகிற மாதிரி செங்குத்தாக எழும் பாறை மலைகள், முன்னால் இந்த எதிர்கால பைக். பழைய சீனமும் விஞ்ஞானமும் ஒரே சட்டகத்தில். பேசும் மிருகங்களும் டைனோசர் வகைகளும் இதே உலகத்தில் சாதாரணமாகத் திரியும். இதெல்லாம் எப்படி என்று கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிடுங்கள். கதையும் அதை விளக்க நேரம் செலவிடாது.

எபிசோடின் கடைசிப் பகுதியில் பறக்கும் ராட்சசப் பல்லி போன்ற ஒன்று புல்மாவைத் தூக்கிக்கொண்டு போகும். கோக்குவின் முதுகில் சொருகியிருந்த செந்தடி எதற்கு என்று அப்போது தெரியும்.

இடையிடையே நீலநிறக் குட்டி ராஜா ஒருவனும் அவனுடைய இரண்டு ஆட்களும் வருவார்கள். பிலாஃப் கூட்டம். மங்காவில் இவர்கள் வெகுநேரம் கழித்துத்தான் வருவார்கள். வாராவாரம் டிவியில் ஓடும் தொடர், வாராவாரம் வெளிவரும் மங்காவை எட்டிப்பிடித்துவிடக் கூடாதே என்று இப்படிக் காட்சிகளைச் சேர்ப்பது வழக்கம். அனிமே பார்ப்பவர்கள் இதை ஃபில்லர் என்பார்கள். இங்கே அது நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. எதிரி யார் என்று முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

எபிசோட் முடிந்ததும் கொஞ்சம் பின்கதை

கதையின் வேர் தெரிந்தால் அடுத்த எபிசோடுகள் இன்னும் ருசிக்கும். சோன் கோக்கு என்பது சுன் வுகோங் என்ற சீனப் பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு. 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நாவலின் குரங்கு ராஜா. நினைத்தபடி நீளும் தடி, ஏறிப் பறக்கும் மேகம் இரண்டும் அவனுடையவை. நாவலில் அவன் ஒரு பௌத்தத் துறவிக்குத் துணையாக இந்தியாவுக்குச் சுவடி எடுக்கப் போகிறான். அந்தத் துறவியை நமக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக்கு வந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்த யுவான் சுவாங்தான் அவர். டோரியாமா அந்தத் துறவியின் இடத்தில் புல்மாவை வைத்தார், சுவடிகளின் இடத்தில் பந்துகளை. நாவலின் பன்றி ஊலாங்காக நாலாவது எபிசோடில் வரும். மூன்றாவது துணைவன் பாலைவனக் கொள்ளைக்காரன் யாம்சாவாக ஐந்தாவதில்.

இன்னொரு வேர் ஹாங்காங் குங்ஃபூ படங்கள். ஜாக்கி சானின் 1978ஆம் ஆண்டுப் படமொன்றை வீடியோவில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே வரைந்தவர் டோரியாமா. அப்படியானால் குங்ஃபூ மங்காவே வரையலாமே என்று அவருடைய எடிட்டர் டோரிஷிமா கசுஹிகோ தூண்டிவிட்டார். முதலில் 1983இல் 'டிராகன் பாய்' என்ற சிறுகதை, அடுத்த வருஷம் இந்தப் பெருங்கதை.

பெயர்களில் ஒரு விளையாட்டு இருக்கிறது. கோஹான் என்றால் ஜப்பானிய மொழியில் சோறு. பிலாஃப் என்றால் நம்ம புலாவ்தான். அவனுடைய ஆட்கள் ஷுவும் மாயும் சேர்ந்தால் ஷுமாய் என்ற சீனக் கொழுக்கட்டை. ஊலாங் ஒரு தேயிலை, யாம்சாவோடு வரும் பூவார் இன்னொரு தேயிலை. யாம்சா என்பதே தேநீரும் பலகாரமுமாக உட்கார்ந்து சாப்பிடும் சீன வழக்கம். இதைச் சொன்னதிலிருந்து அக்கா பையன் புதிதாக யார் வந்தாலும் "இது என்ன பலகாரம் மாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த பன்னிரண்டு எபிசோடுகள்

முதல் 13 எபிசோடும் ஒரே மூச்சான ஒரு கதை. மொத்தம் சுமார் ஐந்து மணி நேரம். ஒரே நாளில் பார்க்காதீர்கள். ஜப்பானில் இது புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு வாரம் ஒன்றாக வந்தது. ஒவ்வொரு எபிசோடும் அந்த இடைவெளிக்காகவே கட்டப்பட்டது. நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு என்று வைத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் முடிந்தது.

மூன்றாவதில் ஆமைத் துறவியும் பறக்கும் மேகமும் வருகிறார்கள். மனசு சுத்தமானவர்கள்தான் அந்த மேகத்தில் ஏற முடியும். யார் ஏறுகிறார்கள், யார் விழுகிறார்கள் என்று பாருங்கள். ஐந்தாவதில் யாம்சாவோடு மோதல். தற்காப்புக் கலை என்று சொல்லத்தக்க முதல் நேருக்கு நேர் சண்டை இதுதான். கோக்குவுக்குப் பசி வந்தால் தெம்பு போய்விடும் என்பதையும் இங்கே கவனியுங்கள். எட்டாவதில் உலகமே அறிந்த 'காமேஹாமேஹா' என்ற தாக்குதல் வித்தை முதல்முறையாக வருகிறது. காமே என்றால் ஆமை. ஹவாய்த் தீவு அரசரின் பெயரை வைக்கலாம் என்று யோசனை சொன்னது டோரியாமாவின் மனைவி. ஆமைத் துறவி ஐம்பது வருஷம் பயின்ற வித்தையைப் பையன் ஒருமுறை பார்த்துவிட்டு என்ன செய்கிறான் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். 12, 13 இரண்டையும் மட்டும் பிரிக்காமல் ஒன்றாகப் பாருங்கள். அந்த வால் எதற்கு என்ற கேள்வி அங்கே வந்து நிற்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொடக்க எபிசோடுகளில் ஆபாச நகைச்சுவை இருக்கிறது. முதல் எபிசோடிலேயே சற்று வரும், இரண்டிலும் மூன்றிலும் கூடுதல். ஆமைத் துறவி வயசுக்குத் தகாத வழிசல் பேர்வழி. புல்மாவோ பதினாறு வயதுப் பெண். அந்தக் காட்சிகளை அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லி நான் நியாயப்படுத்த மாட்டேன். எனக்கு அவை அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. வெளிநாட்டு டிவி பதிப்புகள் சிலவற்றில் வெட்டியிருக்கிறார்கள், முழுப் பதிப்பில் எல்லாம் இருக்கும். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் நீங்கள் முன்னாலேயே ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த நிமிடங்களைத் தாண்டிவிடுங்கள். கதை எதுவும் கெடாது. பெரிய பிள்ளைகளானால் கூட உட்கார்ந்து, அந்தக் கிழவர் செய்வது தப்பு என்று நேராகவே சொல்லிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

பதின்மூன்றுக்குப் பிறகு

பிடிக்கவில்லை என்றால் 13இல் நிறுத்திக்கொள்ளலாம். கதை ஒரு கட்டத்துக்கு வந்திருக்கும். ஆனால் சண்டைக்காக வந்தவர்கள் தயவுசெய்து 28 வரை போங்கள். 14இல் கிரில்லின் வருகிறான், இருவரும் துறவியிடம் சேர்கிறார்கள். அவர் சொல்லிக்கொடுக்கும் விதம்தான் எனக்கு மொத்தத் தொடரிலும் பிடித்த பகுதி. குத்து, உதை எதுவும் கற்றுத்தர மாட்டார். விடியற்காலையில் ஊரெல்லாம் பால் போடச் சொல்வார். வெறும் கையால் வயலை உழச் சொல்வார். சுறாவுக்கு முன்னால் நீந்தச் சொல்வார். அத்தனையும் முதுகில் 20 கிலோ ஆமை ஓட்டைக் கட்டிக்கொண்டு, பிறகு 40 கிலோ. ஓட்டைக் கழற்றிவிட்டுக் குதிக்கச் சொல்லும் நாளில் அந்த இரண்டு பையன்களின் முகத்தைப் பாருங்கள். 19இல் தொடங்கும் தற்காப்புக் கலைப் போட்டி 28இல் முடிகிறது. அதில் ஜாக்கி சுன் என்று ஒரு கிழவர் கலந்துகொள்வார். அவரைப் பற்றி எங்கேயும் தேடிப் படித்துவிடாதீர்கள்.

அதற்கப்புறம் வரும் ரெட் ரிப்பன் படைக் கதை நீளமானது, நடுவில் கொஞ்சம் இழுக்கும். அங்கே சலித்தால் சில நாள் இடைவெளி விட்டுத் திரும்புங்கள், எபிசோடுகளைத் தாண்டாதீர்கள். நூறைத் தாண்டிய பிறகு தொடரின் நிறமே மாறிவிடும். சிரித்துக்கொண்டே பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கிரில்லினுக்காகக் கோக்கு அலறும் அலறல், அக்கா பையன் மொபைலில் பார்த்துப் புரியாமல் விட்டது, அதன் முழுப் பாரமும் அப்போதுதான் இறங்கும்.

டோரியாமா 2024 மார்ச் 1ஆம் தேதி, 68 வயதில் காலமானார். செய்தி வந்த அன்று ராத்திரி நான் போட்டுப் பார்த்ததும் இந்த முதல் எபிசோடைத்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது அக்கா பையன் 17ஆவது எபிசோடில் இருந்தான். பஸ் ஏறுமுன், "மாமா, நான் மட்டும் தனியா பார்க்க மாட்டேன், நீங்களும் அங்க பதினெட்டு பாருங்க, ராத்திரி போன் பண்றேன்" என்றான். எட்டரை மணிக்கு போன் வந்தது.